அக்கா பிடித்து வைத்த இடம்

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் கடிதம்.

உன் மகளுக்கு மூன்று பள்ளிகளில் ஆறாம் வகுப்பு இடம் கிடைத்து, மூன்றையும் விடாமல் வைத்திருக்கிறாயாம். "எதுக்கும் இருக்கட்டுமே மாப்ளே" என்றார் அத்தான். அதில் ஒன்று நம் பழைய பள்ளி. அங்கே காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பது என் மகள். அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் ஊரின் மறுகோடியில், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பள்ளி. வகுப்புகள் தொடங்கினால் அந்த வரிசையைக் கலைத்துவிடுவார்கள்.

மழை பெய்தால் அறிவியல் கூடத்து வராந்தாவில் நனைந்த பலகை வாசனை வரும் என்று நீ சாயங்காலம் வந்து சொல்வாய். நான் சேரும் முன்பே அந்தப் பள்ளி எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் என் மகளுக்கும் சொல்லி வைத்தேன். அதுதான் வினை.

ஜன்னலோரப் படுக்கை, அப்பாவின் கைக்கடிகாரம், எல்லாம் உனக்கே வந்தன. நான் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 8

என் சிடுமூஞ்சித் தம்பிக்கு,

அப்பாவின் கடிகாரம் ஓடுவதில்லை. வந்து எடுத்துக்கொண்டு போ. ஜன்னலோரத்தில் சாரலில் நனைந்ததும் நான்தான். அது மட்டும் உனக்கு மறந்துவிடும்.

என் மகளுக்கு நீச்சல் குளம் உள்ள பள்ளிதான் வேண்டுமாம். இன்னொன்று உன் அத்தானின் பிடிவாதம். நம் பள்ளி யாருக்கு என்று அவர் கேட்டார். எனக்கு என்று எப்படிச் சொல்வேன்? அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் எட்டாம் வகுப்போடு நின்றேன். அடுத்த வருஷம் நீ சேர்ந்தாய். தினமும் உன் சீருடைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, நீ தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாளைக்கு விட்டுவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். கை வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பொறு.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பொறுக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. நேற்று பள்ளியிலிருந்து அழைத்தார்கள். யாரோ தம் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யாரென்று சொல்ல மாட்டார்களாம். நீயாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தேன். நீயாக இருந்தால் அன்றே போன் போட்டுச் சொல்லிக் காட்டியிருப்பாய்.

முகம் தெரியாதவருக்கு இருக்கும் மனசு கூடப் பிறந்தவளுக்கு இல்லை. உன் இடத்தை நீயே பூட்டி வைத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

குழந்தைக்கு இடம் கிடைத்ததில் மனசு நிறைந்துவிட்டது.

போன வாரம் நம் பள்ளிக்குப் போயிருந்தேன். அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. ஆனால் உடனே திரும்ப மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பு அறை திறந்திருந்தது. பெஞ்சுகளை மாற்றிவிட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே இருந்த மரமும் இல்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன். பெருக்க வந்த அம்மாள், "யாருக்கும்மா இடம் கேட்டு வந்திருக்கீங்க?" என்றாள்.

"என் தம்பி பொண்ணுக்கு. கிடைச்சிடும்" என்றேன்.

இதைச் சொல்லிக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. நீ அப்படி எழுதவில்லை என்றால் சொல்லியே இருக்க மாட்டேன்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்ட அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? இந்தக் கோபம் எனக்குத் தீராது.

பள்ளி திறக்கும் நாள் காலையில் வந்துவிடு. எனக்கு ஆபீஸில் வேலை, அத்தைதான் கூட்டிப் போவாள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லை. வகுப்பு வாசல்வரை விடுவார்களாம். மெதுவாகவே போங்கள்.

உன் தம்பி