ஆட்டுத்தோல் தைத்த பென்ஸ்

ஜூலை 13, 2025 – ஞாயிறு

இன்பராஜ் இன்று எனக்கு ஒரு கார் புக் செய்துவிட்டான். சின்னது, வெள்ளை, புத்தம் புதுசு. காலையில் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து என்னை அழைத்துப்போய், ஷோரூமில் உட்காரவைத்து, கையில் ஜூஸைக் கொடுத்து, காரியத்தை முடித்துவிட்டான். விற்பனையாளர் எல்லா விளக்கமும் தம்பியிடமே சொன்னார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சீட் கவர் எந்த கலர்ல போடலாம் மேடம்?"

அதற்கும் தம்பியே பதில் சொன்னான். "அக்காவுக்கு எதுவா இருந்தாலும் ஓகேதான்."

உண்மையா அது? அம்மா போனதிலிருந்து வீட்டுச் சுவரின் நிறம், ஃப்ரிட்ஜ், என் மூக்குக்கண்ணாடி எல்லாம் அவன் தேர்ந்தெடுத்ததுதான். அவன் கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். நல்லவன். அதுதான் கஷ்டம்.

ஐம்பதை நெருங்கும்போது முதல் கார். சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். 

ஜூலை 16 – புதன்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சாம்பிள் எடுக்கப் போயிருந்தேன். ஆம்பூரில் எங்கள் லேபுக்கு வரும் தோலை இழுத்து, தேய்த்து, மடக்கிப் பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. எதையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

கிளம்பும்போது கொட்டியது மழை. டேனரியை ஒட்டியே முதலாளி வீடு. முதலாளி ஜமீல் சாப் போன வருடம் தவறிவிட்டார். அவர் மனைவி ஷஹீன் பானு என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். தகரக் கூரையில் மழைச் சத்தம் காதைப் பிளந்தது. உள்ளே ஒரு பழைய பென்ஸ். ஏலகிரி மலைக்குப் பொழுது சாய்ந்ததும் வரும் நீலம்.

"கார்லயே உக்காருமா, சாரல் அடிக்குது" என்றார்.

டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். மழை நின்றுவிட்டது. இல்லை, மழை பெய்துகொண்டுதான் இருந்தது, சத்தம்தான் நின்றுவிட்டது. வெளியே ஷஹீன் பானுவின் வாய் அசைவது தெரிந்தது, சொல் வரவில்லை. டேனரி நாற்றமும் இல்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எவ்வளவு நேரம்? தெரியாது.

அப்புறம்தான் கை தானாக இருக்கையைத் தடவியது. திடுக்கிட்டேன்.

ஜூலை 17 – வியாழன்

ஆட்டுத்தோல்! கார் சீட்டுக்கு யாராவது ஆட்டுத்தோல் தைப்பார்களா?

ஜூலை 20 – ஞாயிறு

பொறுக்க முடியாமல் பஸ் ஏறி மறுபடியும் போனேன். கார் விலைக்கு என்று கேள்விப்பட்டேன் என ஒரு சாக்கு. விலைக்குத்தான் என்றார்கள்!

பெங்களூரில் இருக்கும் மகன் ஆமிர் ஓர் ஆளைப் பேசி வைத்திருக்கிறானாம். அடுத்த மாதம் மூன்றாம் தேதி வந்து தூக்கிப் போவார்கள். ஓட்டுவதற்கு இல்லை. கழற்றி உதிரியாக விற்பதற்கு.

இருக்கையைத் தையல் தையலாகப் பார்த்தேன். ஆட்டுத்தோல் சின்னது, ஒரு சீட்டை மூட ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் தைக்க முடியும். கையுறைக்கு ஆகிற மெல்லிசு. மாட்டுத்தோல் இருக்க வேண்டிய இடம் இது. எங்கள் லேபுக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"சாப்புக்குத் தெரியாதா இது?" என்று ஷஹீன் பானுவிடம் கேட்டேன்.

"தெரியாம இன்னா? எல்லாருந்தான் சொன்னாங்க. கேக்கல. நம்ம டேனரியில இதவிட ஒசத்தி சரக்கு வந்ததே இல்ல, இத ஏன் வெள்ளைக்காரனுக்கே அனுப்பணும், நாமளும் ஒருதரம் உக்காந்து பாப்போம்னு தெச்சுட்டாரு. அப்புறம் ஒருத்தர நிம்மதியா உக்காரவிட்டாரா? சாவிய ஜேப்புல வெக்காத, சீட்டு கிழியும்னு ஒரே பேஜாரு." முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "எல்லாரும் வந்து பானட்டத்தான் தொறப்பாங்க. நீ இன்னாமா, சீட்டையே தடவிக்கினு கீற?"

ஆமாம். எஞ்சினைப் பார்க்கவே இல்லை.

ஜூலை 22 – செவ்வாய்

இன்பராஜிடம் போனில் சும்மா சொல்வது போலச் சொன்னேன்.

"இன்னாக்கா நீ! இருபத்து மூணு வயசுக் காரு. அதுக்குப் பொண்ணு பாத்துக் கல்யாணமே பண்ணி வெக்கலாம்."

சொன்னவன் சட்டென்று பேச்சை மாற்றினான். கல்யாணம் ஆகாத என்னிடம் அந்தச் சொல் வரக்கூடாது என்பது அவன் வைத்திருக்கும் விதி. எனக்கோ சிரிப்புத்தான் வந்தது. அவன் அதை நம்பவில்லை.

"சும்மா பாத்தேன்டா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சும்மாவா பார்த்தேன்?

ஜூலை 26 – சனி

மெக்கானிக் சுந்தரமூர்த்தியை அழைத்துப் போனேன். அடியில் படுத்து, மேலே எழுந்து, வண்டியை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்தார். "எஞ்சின் நல்லா கீது மேடம். நின்னே கெட்டுப்போன வண்டி, ஓடினா சரியாய்டும். ஆனா ஒரு சாமான் தேவைன்னா வர்ற வரைக்கும் பொறுமை வோணும். உங்களுக்கு கீதா?"

எனக்கு வேறு என்ன இருக்கிறது!

அவர் இறங்கி என்னை ஓட்டச் சொன்னார். கியர் மாற்ற வேண்டாம். இடது காலுக்கு வேலையே இல்லை. ஓட்டுநர் பள்ளியில் கற்ற பயத்தில் பாதி அந்தக் காலில்தான் இருந்தது போலிருக்கிறது. பாலாற்றுப் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நான் ஓட்டவில்லை, சாலைதான் எங்களுக்கு அடியில் மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது.

வெயிலில் சூடேறி இருக்கையிலிருந்து ஒரு வாசனை வந்தது. எங்கள் ஊரில் தோலுக்கு நாற்றம்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 29 – செவ்வாய்

பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போவதாகக் கனவு. அந்த நீலக் கார் தண்ணீரோடு தண்ணீராக, அவசரமே இல்லாமல் போகிறது. உள்ளே யார் என்று பார்ப்பதற்குள் விழிப்பு.

ஆசைப்படும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான். திறந்துதான் வைத்திருக்கிறேன். குறைகள் எல்லாம் தெரிகின்றன. சீட்டு சில வருடத்தில் தையலோரம் விட்டுவிடும். பின் ஜன்னல் ஒன்று இறங்காது. ஏசி மனது வைத்தால்தான். இவ்வளவும் தெரிந்தும் வேண்டும் என்றிருக்கிறது. தெரியாமல் ஆசைப்பட்டிருந்தால் விட்டுவிடுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 1 – வெள்ளி

மதிய இடைவேளையில் லேபுக்கு வெளியே நின்று ஷோரூமுக்குப் போன் செய்தேன். அந்த வெள்ளைக் கார் எனக்கு வேண்டாம் என்றேன்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறோம் மேடம்."

"சார் வாங்கலை. நான்தான் வாங்கறேன். வாங்கலை."

 உடனே ஷஹீன் பானுவுக்கும் போன் செய்தேன், தைரியம் இறங்குவதற்குள்.

"ஆமிர்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ வந்து எடுத்துக்கோ" என்றார். பிறகு, "சாவிய ஜேப்புல வெக்காதே."

ஆகஸ்ட் 2 – சனி

இன்பராஜ் வந்தான். ஷோரூமிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"நாளைக்கு ஹைவேஸ்ல நின்னுபோச்சுன்னா யாருக்குப் போன் பண்ணுவ? எனக்குத்தானே?"

"மெக்கானிக்குக்குப் பண்ணுவேன்."

"நான் ஒரு நல்லது பண்ணா அது தப்பா?"

"தப்பில்லடா. ஆனா எனக்கு எதுவா இருந்தாலும் ஓகேன்னு சொன்ன பாரு... ஓகே இல்ல. எப்பவுமே ஓகே இல்ல. அந்தப் பச்சை சுவரு எனக்குப் புடிக்கவே இல்ல, தெரியுமா உனக்கு?"

அவன் சுவரைப் பார்த்தான். எட்டு வருடமாக அவன் பெருமைப்படும் சுவர். காபி குடிக்காமல் போய்விட்டான்.

சுவரை ஏன் இழுத்தேன்? பாவம்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். முழுவதும் நானே.

ஆகஸ்ட் 24 – ஞாயிறு

கார் நாலு நாள் சுந்தரமூர்த்தியின் பட்டறையில். கம்பெனி பஸ்ஸில் போனேன். "பென்ஸ்காரம்மா வந்துட்டாங்க, சீட்டு விடுங்கப்பா" என்று ஒரே கலாட்டா. ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

இன்பராஜிடமிருந்து போன் இல்லை. வண்டி நின்றுவிட்டது என்று நானும் சொல்லவில்லை. அவன் மனைவி சௌந்தர்யா மட்டும் பேசினாள்: "அவரு அப்டித்தான் அண்ணி, சரியாய்டுவாரு. சுவருதான் ஜாஸ்தி வருத்தம்."

செப்டம்பர் 14 – ஞாயிறு

காலையில் வாசலில் இன்பராஜ். ஆம்பூரில் நண்பன் மகன் கல்யாணம், பைக் சர்வீஸுக்கு விட்டிருக்கிறானாம். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "சாவி குடுக்கா" என்று பழக்கத்தில் கையை நீட்டினான்.

"அந்தப் பக்கம் உக்காரு."

உட்கார்ந்தான். பள்ளிகொண்டா வரை கதவுக்கு மேலிருக்கும் பிடியை விடவே இல்லை. "லாரி... லாரி..." என்றான். "பாத்துட்டேன்டா" என்றேன். டோல்கேட் தாண்டியதும் கை இறங்கியது. கொஞ்ச நேரம் இருக்கையைத் தடவிப் பார்த்தான்.  மலைகள் இரண்டு பக்கமும் மெதுவாக வந்து மெதுவாகப் போயின.

மாதனூரில் திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தான். என் பக்கமாகத் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. வேறு யார் ஓட்டும் வண்டியிலும் அவன் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஆம்பூருக்குப் பிரியும் சாலை வந்தது. பந்தி முடிந்துவிடும், பிரியாணி போய்விடும், எழுந்ததும் கத்துவான்.

தூங்கட்டும். திரும்பாமல் நேராகப் போனேன்.