பாறை மேட்டுக்குத் திரும்பிய கல்

என் பாசமுள்ள அண்ணிக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் நன்றாக இருக்கிறார். தானே சமைத்துக்கொள்கிறார். ரசம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை, ஆனால் யாராவது சொல்லிக்கொடுத்தால் கோபம் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்துச் செய்திதான் உங்களுக்கு முக்கியம் என்று தெரியும். அந்தப் பாழாய்ப்போன புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன பிறகு, சமூக அறிவியலுக்கு உடனே ஆள் வரவில்லை. "புது டீச்சர் வர்ற வரைக்கும் எட்டாவதை நீங்களே பாத்துக்குங்கம்மா" என்று தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்துவிட்டார். கணக்கு டீச்சர் நான். எனக்கு வரலாறு என்றால், போளூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில் தினமும் நீங்கள் என் காதில் போட்டதுதான். "புள்ளைங்களுக்கு டெல்லி ராஜாவெல்லாம் தெரியுது. தான் ஆடு மேய்க்கிற பாறையைத் தெரியல" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்?

அதனால் முதல் வாரமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் பாறை மேட்டுக்குப் போய்விட்டேன். குள்ளர் வீடுகளைத்தான் காட்டினேன். பலகை பலகையாகக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த அந்தச் சின்ன அறைகள். வீடு இல்லை, நூறு தலைமுறைக்கு முன்னால் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று சொன்னதும் பிள்ளைகள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டேப்பை வைத்து அளந்தோம். கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தோம். அங்கே என் கணக்கு கொஞ்சம் கைகொடுத்தது, அண்ணி.

திரும்பும்போது லட்சுமி கேட்டாள். சின்னசாமியின் மகள், எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காருவாளே, அவள்தான். "கிரேன் இல்லாத காலத்துல இதை எப்டி டீச்சர் தூக்குனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. "செஞ்சு பாப்போமா?" என்றேன்.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் பழைய துவைகல் ஒன்று கிடந்ததே, அதை எடுத்துக்கொண்டோம். கையால் தள்ளினால் அசையவே இல்லை. அடியில் உருண்டைக் கட்டைகளைக் கொடுத்து, கயிறு கட்டி இழுத்தார்கள். கட்டைகள் உருண்டு கல் மெதுவாக நகர்ந்ததும் எழுந்த கூச்சலில் தலைமையாசிரியர் வெளியே ஓடி வந்துவிட்டார். பின்னால் விடுபடும் கட்டையை எடுத்து முன்னால் போட வேண்டும் என்று லட்சுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எல்லாக் குள்ளர் வீடுகளையும் குறித்து வரைபடம் போட்டோம். அதில் ஒன்றுக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதும் ஒரு பையன் கத்தினான்: "அது லச்சுமி வூட்டுக் களத்துல கெடக்குது டீச்சர்! அவுங்கப்பாதான் பேத்தாந்துட்டாரு!" வகுப்பே சிரித்தது. "கல்லுத் திருடி" என்று யாரோ சொன்னார்கள். அதட்டினேன். ஆனாலும் மறுநாள் லட்சுமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இந்த மலையில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால், அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

பயந்துகொண்டேதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்னசாமி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது.

"இன்னா டீச்சர், போலீசுக்கு சொல்லப் போறீங்களா?"

"இல்லைங்க. லட்சுமியைக் கூப்பிட வந்தேன்."

"கல்லு சும்மாதான் சாஞ்சி கெடந்துச்சி. களத்துக்கு ஆவுமேன்னு எடுத்தாந்தேன். அது இன்னா கல்லுன்னு யாராச்சும் எனக்கு சொன்னீங்களா?"

"யாரும் சொல்லலைங்க. நாங்களே இப்பதான் தெரிஞ்சிக்கிறோம்."

உள்ளேயிருந்து லட்சுமியின் குரல் வந்தது. "அது செத்தவங்களுக்குக் கட்டுனதுப்பா."

"யாரோட செத்தவங்க?"

"தெரியாதுப்பா. ரொம்ப காலத்துக்கு முன்னாடி."

அவர் களத்துக் கல்லின் மேலிருந்த தூசியைக் கையால் தட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "யாரோடதா இருந்தா இன்னா? செத்தவங்க செத்தவங்கதானே."

லட்சுமியின் அம்மாதான் நிலைமையைச் சமாளித்தார். "சாமை அடிச்சி முடியட்டும். அப்பறம் கொண்டுபோய்டலாம். இவ நாளைக்கே இஸ்கூலுக்கு வருவா டீச்சர், நீங்க போங்க."

வந்தாள். நான் வரைபடத்தை அவள் கையிலேயே கொடுத்து, அந்தக் கல் இப்போது இருக்கும் இடத்தையும் குறிக்கச் சொன்னேன். கல் மேட்டிலிருந்து களத்துக்கு வந்ததும் அதன் வரலாறுதானே? அன்று கத்திய பையன்தான் அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்தான்.

சாமை அடித்து முடிந்ததும் சின்னசாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "பாறை வரைக்கும் டிராக்டர் போவும். அதுக்கு மேல?" என்று அவர் தலையைச் சொறிந்தபோது பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள்: "அதுக்கு மேல நாங்க கீறோம்!"

ஊரே திரண்டுவிட்டது, அண்ணி. பெரியவர்கள் கடப்பாரையால் நெம்பினார்கள். பிள்ளைகளை மேல்பக்கமாக நிறுத்திக் கயிற்றைக் கொடுத்தேன். லட்சுமி கட்டை மாற்றும் ஆட்களுக்குப் பக்கவாட்டில் நடந்து, "இப்ப எடு மாமா! இப்ப போடு!" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டே வந்தாள். சரிவில் ஒருமுறை கல் பின்னுக்கு வழுக்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. சின்னசாமி கடப்பாரையைக் குறுக்கே ஊன்றித் தடுத்துவிட்டார்.

மேலே போனதும் ஒரு வாக்குவாதம். பழையபடி நிமிர்த்தி வைக்கலாம் என்றார்கள் பாதிப் பேர். நாமாக நிறுத்தினால் அது நாம் கட்டினதாகிவிடும், பக்கத்தில் படுக்க வைப்போம், விஷயம் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றாள் லட்சுமி. அதுவே முடிவானது. கீழே இறங்குவதற்கு முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இனிமே இங்கருந்து ஒரு சில்லு கூட கீழ எறங்கக் கூடாது."

இவ்வளவு இழுத்ததில் கல்லின் ஒரு மூலை உடைந்துபோய்விட்டது. அதைச் சரிசெய்ய முடியாது. வரைபடத்தில் அந்த உடைசலையும் வரைந்திருக்கிறார்கள்.

இப்போது புது டீச்சர் வந்துவிட்டார், ஒடுகத்தூர்க்காரப் பெண். துறுதுறுவென்று இருக்கிறார். பிள்ளைகளோ அதற்குள் அடுத்த வேலையை எடுத்துவிட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துக்கே வரலாறு எழுதப் போகிறார்களாம். யார் நிலம் கொடுத்தது, முதல் கூரை எப்போது போட்டது, யார் யார் பாடம் நடத்தியது என்று வீடு வீடாகக் கேட்டு போனில் பதிவு செய்கிறார்கள்.

நேற்று லட்சுமி என்னிடம் வந்தாள். "டீச்சர், சாந்தி டீச்சரைப் பத்தி நீங்கதான் சொல்லணும். திங்கக்கெழம ரெடியா இருங்க" என்றாள். பிறகு கண்டிப்பாக, "உண்மையா சொல்லணும். ரொம்ப நல்லவங்கன்னு மட்டும் சொல்லி முடிச்சிடக் கூடாது" என்றாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளை இல்லையா அவள்!

சொல்கிறேன், அண்ணி. உங்கள் கோபத்தைச் சொல்கிறேன். பாட்டு வராமலேயே நீங்கள் பாடியதைச் சொல்கிறேன். மருந்து ஏற்றிக்கொண்ட மறுநாளே வகுப்புக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தியதையும் சொல்கிறேன். நடுவில் அழுகை வந்தால் பதிவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இந்த மலைக்கு வந்தீர்கள், பாடம் நடத்தினீர்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் அந்தப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிடுகிறேன். இது சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
கலைச்செல்வி