மன்றாட்டுப் பெட்டியில் போட்ட துண்டு

குருநகர்
தவக்காலம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றஜனிக்கு அம்மா எழுதுவது. தேவமாதாவின் காவலில் நானும் தங்கச்சி ஜெயனியும் சுகமாக இருக்கிறோம், பிரான்சில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன் என்று வழமைபோல எழுதிவிட்டேன், ஆனால் நீ சுகமில்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். போனில் கதைக்காமல் அம்மா ஏன் கடிதம் போடுகிறா என்று நினைப்பாய். கதைத்தால் ஜெயனிக்குக் கேட்கும், போனில் எழுதினால் அவளே எடுத்து வாசிப்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது மோனை. ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

வலக்கை விறைக்கிறது, தேத்தண்ணிக் கோப்பை கைநழுவி விழுந்தது, கழுத்தில் நரம்பு நெரிபடுகிறதாம், ஒப்பரேசன் செய்யவேண்டுமாம் என்று இரண்டு கிழமைக்கு முன் நீ சொன்னபோது, எல்லாத் தாய்மாரும் கவலைப்படுகிற அளவுக்குத்தான் கவலைப்பட்டேன். நல்லெண்ணெய் பூசு என்று வைத்தியமும் சொன்னேன். இந்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கிருஷாந்தின் தாய் என்னை மறித்தா. போன வருசம் ஜெயனிக்குப் பேசி முற்றாக்கி, கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, மொட்டைக் கடிதம் வந்ததென்று சம்பந்தத்தை முறித்த அதே வீடுதான். மனஸ்தாபம் உள்ளவர்களோடு சமாதானமாகிவிட்டு வாருங்கள் என்று பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமி சொன்னாராம். "உந்தக் கடிதத்தை அலுமாரிக்கை வைச்சிருக்க எனக்கு மனம் குத்துது, நீங்களே எரிச்சுவிடுங்கோ" என்று அந்தக் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனா.

எரிக்கத்தான் விரித்தேன். ஜெயனிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது என்று, பழகாத கை எழுதியதுபோல் எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எழுதியிருந்தது. ஆனால் தாளின் தலையில் ஒரு சின்னச் சிலுவை, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி. எதை எழுதினாலும் சிலுவை போட்டுத் தொடங்கு என்று பழக்கியது உங்கள் அப்பா, புள்ளி நீயாகச் சேர்த்தது. பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கடைச் சிட்டை வரைக்கும் அப்படித்தான் போடுவாய். மொட்டைக் கடிதத்துக்கும் சிலுவை போட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நீயாகத்தான் இருப்பாய்.

போன வருசம் லீவில் வந்து நின்றபோது கிருஷாந்தைப் பற்றி "உவன் குடிக்கிறானம்மா, உவன் வேண்டாம்" என்று மூன்று தரம் சொன்னாய். ஊரார் கதை என்று தட்டிவிட்டேன். அதனால்தான் எழுதினாயாக்கும். ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை, ஏனென்றால் நான் செய்தது அதைவிடப் பெரிது. வலிப்புக் கதை தெரிந்த வெளியாள் பக்கத்து வீட்டு பியாட்றிஸ் ரீச்சர் ஒருத்திதான், அவதான் எழுதினா என்று முடிவுகட்டி எட்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தேன். அதோடு விட்டேனா. சம்பந்தம் முறிந்த அந்தக் கிழமையே, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் போய், "என் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்து எழுதிய கை இயங்காமல் வழங்காமல் போகவேண்டும்" என்று துண்டெழுதி மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன் றஜனி. பெயர் போடவில்லை, புனிதருக்குத் தெரியும் என்று விட்டேன். மெழுகுதிரியும் கொளுத்தினேன். அன்று இரவும் பரலோக மந்திரத்தில் மன்னிப்பைப் பற்றி வருகிற வரியை நாக்குக் கூசாமல் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இந்தத் திங்கட்கிழமை விடிந்ததும் கோவிலுக்கு ஓடி, கோவில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம், அந்தச் செபமாலை என்கிறவனிடம் பெட்டியைத் திறந்து என் துண்டைத் தா என்று கெஞ்சினேன். பழைய துண்டெல்லாம் அப்போதே எரித்தாகிவிட்டது என்றான். சுவாமியிடம் போய் அழுதேன். "கடவுள் என்ன உங்கடை கூலியாளோ, நீங்கள் ஏவினவுடனை கையை முறிக்க?" என்று ஏசினார். பிள்ளையின் வருத்தம் நரம்பால் வந்தது, உங்கள் வருத்தம் மனதால் வந்தது, அதற்கு மருந்து ரீச்சர் வீட்டில்தான் இருக்கிறது என்றார். புத்திக்கு விளங்குகிறது, நெஞ்சு கேட்கவில்லை.

ரீச்சர் வீட்டு வாசலில் நின்று ஒன்றும் மறைக்காமல் எல்லாம் சொன்னேன். அவ முழுவதையும் கேட்டா. பிறகு, "எனக்குக் கோபம் இருக்குது அக்கா, ஒரு நாளிலை மாறாது. அதுக்காகப் பிள்ளையின்ரை கை விறைக்க வேணுமெண்டில்லை, உள்ளை வாங்கோ செபிப்பம்" என்றா. மெதடிஸ்தக்காரி, செபமாலை உருட்டத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லிச் சொல்லி மன்றாடினா.

நான் உன்னை மன்னித்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன், முதலில் பயத்தில்தான் மன்னித்தேன், மனது பின்னால் வந்தது. ஜெயனியிடம் நீதான் கேட்கவேண்டும், அதை உனக்காக நான் கேட்க முடியாது. உன் கைக்குக் கேடு கேட்ட இந்தத் தாயை நீ மன்னிப்பாயோ தெரியாது. ஒப்பரேசன் நாளை முன்கூட்டியே சொல், அன்றைக்கு நான் ஒருநேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பேன். கர்த்தர் உன் தலையிலும் அந்தக் கையிலும் தம் கையை வைத்துக் காப்பாராக.

மறந்துபோகாதே, பதிலை மருமகனைக் கொண்டு எழுதுவிக்காமல் உன் கையாலேயே இரண்டு வரி எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஜெயனியின் கண்ணில் படக்கூடாது, அதனால் பியாட்றிஸ் ரீச்சரின் விலாசத்துக்கு அனுப்பு. அவதான் அப்படிச் சொல்லச் சொன்னா.

உன் அம்மா,
சந்தியோகு றோஸ்மலர்