வம்சாவளிப் படத்தில் ஒரு காலிக் கட்டம்

என் அக்காவுக்கு,

நீ கல்யாணம் செய்துகொண்டு போய் மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். அதற்கும் ஒரு வீட்டுப்பாடம் தேவைப்பட்டது.

நான் அமெரிக்காவில் படிக்கும் இந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இனம், நிறம் பற்றிய பாடம் ஒன்றை எடுத்துத் தொலைத்தேன். வகுப்பில் வெள்ளைக்காரன் அல்லாதவன் நான் ஒருவன்தான். பாகுபாடு என்று பேச்சு வந்தாலே முப்பது தலையும் என் பக்கம் திரும்பும். நானும் சளைக்காமல், தன் தாத்தா கறுப்பர்களுக்குச் செய்ததையெல்லாம் மறைத்த ஒருவனை வகுப்பிலேயே கிழித்துத் தொங்கவிட்டேன்.

போன வாரம், பாடம் நடத்தும் கன்னியாஸ்திரி எங்களை வம்சாவளிப் படம் வரையச் சொன்னார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "மூணு தலைமுறையா ஒரே சாதிக்குள்ளயேவா கட்டியிருக்கீங்க? யாருமே வெளிய கட்டலையா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

"கூடப் பிறந்தவங்க?"

"யாரும் இல்ல."

அந்த அம்மா அதை நம்பி முழு மதிப்பெண் போட்டுவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று போய்ப் படத்தைத் திருப்பி வாங்கி, எனக்குப் பக்கத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். உன் பக்கத்துக் கட்டம்தான் காலியாக நிற்கிறது. நம் வீட்டில் எல்லோரும் "அந்த ஆள்" என்றே சொல்லிச் சொல்லி, எனக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

அத்தான் பெயர் என்ன?

உன் தம்பி