கதவைத் திறக்க அனுமதி கேட்டேன்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் பிரசவத்துக்கு நான் கேட்ட லீவுக்கு முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று ஆபீசில் பத்து வி.ஆர். ஹெட்செட்டுகளுக்கு நான்தான் வயர் மாட்டினேன். ஒன்றைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்துவிட்டு, படம் தெரியவில்லை என்று புகார் சொன்ன அறிவாளியும் நானே. பிறகு, திரையில் வரும் கேள்விக்குப் பதிலை டைப் அடித்து ஆடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் சோதிக்க உட்கார வைத்தார்கள். “எதிரே கதவு இருக்கிறது. என்ன செய்வாய்?” என்று திரை கேட்டது. லீவு கேட்டவன் என்று முதலாளி என்னை ஆழம் பார்க்கிறாரோ? “அனுமதியில்லாமல் வெளியே போக மாட்டேன் ஐயா” என்று அடித்தேன்.

“அண்ணே, இது வெறும் கேம்ண்ணே!” என்று கம்ப்யூட்டர்காரப் பெண் சிரித்தாள்.

“அப்படித்தாம்மா சொல்லச் சொல்லியிருப்பாங்க.”

அவள் நகர்ந்ததும் “வீட்டுக்குப் போ” என்று அடித்தேன். “அந்தப் பக்கம் வழி இல்லை” என்றது. சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

தொட்டில் கொக்கி மாட்ட வேறு ஆளைக் கூப்பிடாதே. முதலாளி வருகிறார், முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்