புளியங்கொட்டைக்கு ஒரு கோடு

சங்கரன்கோவில்,
14-6-1983, செவ்வாய்.

அறிவிலும் கோபத்திலும் என் அக்காவை மிஞ்சிய அன்பு மருமகள் கோமதித்தாய்க்கு, இந்த ஊர் இன்னும் சிலை வைக்க மறந்திருக்கும் உன் தாய்மாமன் வேல்சாமி ஆசி கூறி எழுதுவது. இங்கு மனிதர்கள் எல்லோரும் நலம். எருமைகளும் நலம்தான், அவற்றால் நமக்குத்தான் நலமில்லை.

இனி நான் எழுதப்போவதை நீ நம்ப மாட்டாய். சென்னையில் உன் விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டினாலும் ஒருத்தியும் நம்ப மாட்டாள். சங்கரநயினார் சந்நிதி இருக்கும் திசை நோக்கி நின்று, இதை முன்கூட்டியே பிரகடனம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை இல்லை. வெயிலில் காக்கை பறக்கும்போதே பொரிந்து, தட்டோடு போய் நின்றால் வறுவலாக விழுகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் நீ ரயில் ஏறிய பிறகு, குழம்பில் ஒருநாள் உப்பு கடலளவு, ஒருநாள் உப்பே இல்லை. கேட்டால் கடைக்காரன் கொடுத்த உப்பு சரியில்லை என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கோடை லீவில் நீ நம் தீவன மில்லில் உட்கார்ந்து போட்ட கணக்கு இருக்கிறதே, அந்த லீனியர் புரோகிராமிங், அதுதான் இந்த வரலாற்றின் நாயகன். பருத்திக்கொட்டை, கடலைப்பிண்ணாக்கு, தவிடு, புளியங்கொட்டை நான்கையும் எந்த அளவில் கலந்தால் மாட்டுக்குச் சத்து குறையாமல் நமக்குச் செலவு குறையும் என்று கண்டுபிடித்தாய். சத்து இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கோடு, கொழுப்பு இதற்கு மேலே ஏறக் கூடாது என்று ஒரு கோடு போட்டு, கோடுகளுக்குள் அடைபட்ட இடத்தில் ஏதாவது ஒரு மூலையில்தான் உத்தமமான விடை இருக்கும் என்றாய். நம் வீட்டு மூலையில் துடைப்பமும் நானும்தானே இருக்கிறோம் என்று நான் சொன்னதற்கு நீ சிரிக்கவே இல்லை.

சிரிக்கும் நிலையிலா இருந்தாய்! உன் அப்பா ஆறுமுகச்சாமி அத்தான் அன்றைக்கு வைத்த நிபந்தனை அப்படி. "பால் சங்கத்துக்காரங்க இந்தத் தீவனத்த எடுத்தா மில்லு நிக்கும், நீ ரெண்டாம் வருசம் படி. எடுக்கலன்னா மில்லையும் மூடுதேன், படிப்பையும் மூடுதேன். ராயகிரி மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன். ஏட்டீ, நோட்டுல போட்ட கோட்ட எரும திங்குமா?" என்றார். நீயும் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். தீவனத்தை மாடு தின்பதைக் கண்ணால் பார்க்க, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பால் சங்கத்தார் வரும் திங்கட்கிழமை வருகிறார்கள்.

அதற்கு ஒத்திகையாக ஞாயிற்றுக்கிழமை, நீ சொன்ன அளவு இம்மி பிசகாமல் கலந்து, முப்பிடாதியம்மாளின் எருமைகளுக்கு முன்னால் வைத்தோம். மூன்று எருமைகள். ஒவ்வொன்றும் தேர் அளவு. பஞ்சத்தில் பாதி ஊர் வேலியைத் தின்று தீர்த்தவை. தொட்டியில் மூக்கை நுழைத்தன. நான் மூச்சை அடக்கினேன். தாசில்தார் மனுவைப் பார்ப்பதுபோல் தீவனத்தை ஒரு பார்வை பார்த்தன. பிறகு மூன்றும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி, திரும்பி, வரிசையாக வெளிநடப்புச் செய்தன.

"ஏ மொதலாளி, எம் பிள்ளையளுக்கு இரையா வைக்கீய, பேதி மருந்தா வைக்கீய?" என்று முப்பிடாதியம்மாள் போட்ட சத்தத்தில், தொலைவிலிருக்கும் பனவடலிசத்திரத்தில் இரண்டு ஓடு விழுந்ததாகக் கேள்வி.

கூட்டத்தில் கல்யாணத் தரகர் துரைப்பாண்டியும் நின்றார். பத்து நாளாக மில்லே கதி என்று கிடக்கிறாரே, அவரேதான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, வாயில்லாச் சீவனே தீர்ப்புச் சொல்லிட்டு. வெள்ளிக்கிழம ராயகிரிக்காரங்கள வரச் சொல்லிருதேன், வெத்தல பாக்கு மாத்திருவோம்" என்றார். அத்தான் என்ன பதில் சொல்வாரோ என்று நான் பதறி நிற்கையில், முப்பிடாதியம்மாளின் மூத்த எருமை பாய்ந்து வந்து, தரகரைக் கொம்பில் ஏந்தி, ராயகிரி ரோட்டுப் பக்கமாக வீசியெறிந்தது. நம்பினால் நம்பு.

அதன் பிறகு அத்தான் செய்த காரியம் அதைவிடப் பெரிது. தொட்டியில் கை விட்டு ஒரு பிடி தீவனத்தை அள்ளித் தன் வாயில் போட்டார். மென்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஓடிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்தேன். காறித் துப்பிவிட்டு, "ஏ மாப்ள, தாங்க முடியாத தொவர்ப்பு. கொட்டத் தோலு நாக்க இழுக்கி. கொட்டை சும்மா வருது, வெல போடாதன்னு பிள்ளைட்ட சொன்னது நாந்தான்" என்றார்.

உனக்குத் தெரியாததா? பங்குனியில் புளி உடைக்கிற வீட்டுக்காரிகள் எல்லாம் கொட்டையை நம் மில்லில் கொட்டிவிட்டு, பதிலுக்குக் கம்பு சோளம் திரித்துக்கொண்டு போவார்கள். கைக்காசு கொடுத்து வாங்காத சரக்கு என்பதில் அத்தானுக்கு ராஜகர்வம். அதனால் விலை பூஜ்யம் என்று சொல்லிவிட்டார். பூஜ்யம் என்றதும் உன் கணக்கு, பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் மாதிரி, அதையே அள்ளிக் குவித்துக்கொண்டது. பாதி மூட்டை கொட்டை! அதுவும் வறுத்துத் தோல் நீக்காத கொட்டை! கணக்கில் குற்றமில்லை, மருமகளே. எருமைக்கு நாக்கு என்று ஒன்று உண்டு என்பதை எங்களில் யாரும் உனக்குச் சொல்லவில்லை.

நேற்று முழுக்க அத்தான் தன் கையாலேயே கொட்டையைக் குறைத்துக் குறைத்துக் கலந்து பார்த்தார். பத்துக் கிலோவில் இரண்டு கிலோ வரை எருமை மறுக்காமல் தின்கிறது. அதற்கு மேல் ஒரு கை கூடினாலும் திரும்பிக்கொள்கிறது. சரி, கொட்டையைக் குறைத்த இடத்தில் எதைப் போடுவது? பிண்ணாக்கைப் போட்டால் சங்கத்தார் கேட்கிற விலைக்குக் கட்டவில்லை. தவிட்டைப் போட்டால் சத்து இறங்குகிறது. பருத்திக்கொட்டையைப் போட்டால் கொழுப்பு ஏறுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் நகர்கின்றன. சாயங்காலம் மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன் படத்தில் இருக்கிற மூலைகளில் எது நம் மூலை என்று அந்த மனுஷனுக்குக் கையால் துழாவிப் பார்த்தும் தெரியவில்லை.

ஆகவே இதுதான் வேண்டுகோள். புளியங்கொட்டை பத்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு புதிதாகப் போடு. அதற்கும் திரிக்கிற கூலியை விலையாக வை. சும்மா என்பது பொய். மீதி மூன்றையும் திருத்திக் கணக்குப் போட்டு, நான்கு எண்களை மட்டும் தந்தியில் அடி. இந்தக் கடிதம் வியாழனன்று உன் கைக்கு வந்தால், வெள்ளிக்குள் தந்தி இங்கே வர வேண்டும். கலந்து, எருமைக்கு ஒருநாளாவது பழக்க வேண்டும். ஒருவேளை கோடுகளுக்குள் இடமே இல்லாமல் போய், விடையே இல்லை என்று வந்தால், அதையும் மறைக்காமல் அடித்துவிடு. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

எருமையும் கொட்டையும் உன் கணக்குக்கு வேண்டிய அளவுக்கு நிஜம். காக்கை வறுவல், விழுந்த ஓடு, தரகரின் ஆகாயப் பயணம் எல்லாம் மாமனின் கைச்சரக்கு, கழித்துக்கொள். ஆனால் ஒரே ஒரு சின்ன சமாச்சாரத்தில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லவா என்று தரகர் கேட்டபோது, எருமை எதுவும் பாயவில்லை. உன் அப்பாதான் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பம் வேண்டாம் வே. பிள்ளைக்கு வேல கெடக்கு" என்றார்.

இது மட்டும் சத்தியம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கோமதியம்மன் துணை இருப்பாள். தந்தியை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம் மக்கா. உன் அப்பா பெயருக்கே அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமன்
வேல்சாமி