வாய்க்காலில் நின்ற பொக்லைன்

அன்பு மாப்ள,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஒரு டீயோடு முடிந்திருக்கும் சண்டை இது. பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டாய், மீதியை எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பிறகு என் தங்கை மலரையே கட்டிக்கொண்டவன் நீ. உனக்கு மரியாதை பார்த்து எழுத எனக்கு வராது.

முதலில் சேதி. நீ போனபிறகு பொக்லைனை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. "பொம்பள எப்படி மெஷின வச்சு வேல பாப்பா?" என்று காரியம் முடிந்த மறுநாளே உன் பெரியப்பா கேட்டார். மலர் டிரைவர் முருகேசனைக் கூப்பிட்டாள், டீசல் போட்டாள், வேலைக்கு அனுப்பினாள். நெல் அறுப்புக்கு முன்பே இரண்டு குளம் வெட்டி முடித்தாயிற்று. அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

இப்போது பூதலூருக்குத் தெற்கே ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரும் வேலை. கல்லணையில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, மறுநாள் காலையில் இங்கே வந்துவிடும் என்றார்கள். கடைசித் துண்டை அள்ளிக்கொண்டிருந்தபோது மெஷின் முனகிவிட்டுச் சோர்ந்துபோனது. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை. திரையில் மஞ்சள் விளக்கும், எது கெட்டது என்று சொல்லும் மூன்று எரர் கோடும். வாய்க்காலின் அடியில் நிற்கிறது, கரை ஏறப் பலம் இல்லை, பின்னால் காவிரி வந்துகொண்டிருக்கிறது.

நான் பட்டறையிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது கரையில் கூட்டம். பக்கத்து மெஷின்காரர், "கம்ப்யூட்டர் பாக்ஸ் போயிடுச்சுங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் பழைய மெஷின் வாங்கி விற்பவர் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, மலருக்குப் போன் மேல் போன்.

அவள் என்னைத் தனியே அழைத்தாள். "அண்ணே, நானும் முடிஞ்சமட்டும் தாக்குப்பிடிச்சுப் பாத்துட்டேன். இன்னிக்குக் கரை ஏறலன்னா அந்தக் கும்பகோணத்துக்காரருகிட்டயே குடுத்துடுறேன். அது தண்ணிக்குள்ள நிக்கிறத என்னால பாக்க முடியாது."

அழவில்லை மாப்ள. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இருட்டுறதுக்குள்ள ஏத்திடுறேன். நீ போய் எல்லாருக்கும் டீ சொல்லு" என்றேன். வாய்க்கொழுப்பு என்பாய். இல்லை, மூன்று கோடு என்று கேட்டபோதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

கோடு எந்த சென்சாரைச் சொல்கிறதோ அதைக் கழற்றி எறி, புதுசு போடு. இதுதானே உன் கட்சி? "கோடு பொய் சொல்லாது மச்சான்" என்று எத்தனை நல்ல சென்சார்களைக் குப்பையில் போட்டாய்! டீசல் அழுத்தம், காற்று அழுத்தம், ஆயில் அழுத்தம் மூன்றும் ஒரே நிமிடத்தில் கெட்டன என்கிறது திரை. மூன்று வயல் ஒரே நாளில் காய்ந்தால் வயலையா திட்டுவோம்? மூன்றுக்கும் தண்ணீர் ஒரே வாய்க்கால். அந்த சென்சார்களுக்கும் ஐந்து வோல்ட் ஒரே வழியாகத்தான் வருகிறது. ஒரு வயலில் எலி வளை தோண்டிவிட்டால் அத்தனை தண்ணீரும் அதில் போய்விடும், மற்றவை பட்டினி.

மீட்டரை வைத்தேன். ஐந்து வர வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. மடையை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பதுபோல் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டீசல் சென்சாரை எடுத்தேன், மீட்டர் அசையவில்லை. காற்றை எடுத்தேன், அதுவும் இல்லை. ஆயில் சென்சாரை எடுத்ததும் மீட்டர் துள்ளி ஐந்தில் நின்றது.

அதன் வாயில் பச்சைக் களிம்பு, களிம்பைச் சுற்றி மஞ்சள் கறை. கீழே ஒரு காய்ந்த வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டதா? புது வேலை தொடங்கினால் குடம் நிறைய மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது நீ கொண்டுவந்த பழக்கம். ஆனால் நீ மண் அள்ளும் பக்கெட்டின் பல்லில் ஊற்றுவாய். இது இன்ஜினுக்குள் எப்படிப் போனது?

டீ வாங்கி வந்த மலர் என் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"நான்தான் கதவத் தொறந்து உள்ள ஊத்தச் சொன்னேன். பல்லுக்கு ஊத்தி என்னண்ணே பிரயோஜனம்? நெஞ்சுல்ல நல்லா இருக்கணும்."

திரும்பி உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. மெஷினில் விளக்கு எரிந்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்து ஓடுகிறவன் நீ. உன் நெஞ்சு எரிந்தபோது வாயு என்று ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாய். அந்தக் கோடு மட்டும் பொய்யாடா?

களிம்பு போனது, காயவைத்தேன், கிழிந்திருந்த ரப்பரை மாற்றிப் பிளக்கை மாட்டினேன். விளக்கு அணைந்தது. முருகேசனுக்கு இன்னும் பயம். "பாதிக் கரையில நின்னுச்சுன்னா?" என்றான். "நிக்காது, ஏத்து" என்றேன். பக்கெட்டை மேல்கரையில் ஊன்றி, உறுமிக்கொண்டு, உன் மெஷின் ஒரே மூச்சில் ஏறியது. பக்கத்து மெஷின்காரர் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

கும்பகோணத்து ஆள் மறுபடி கூப்பிட்டார். மலர் எடுத்து, "விக்கிறதா இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆயுத பூசைக்கு எங்க ஊத்தணும்னு நீ வந்து காட்டுண்ணே. ஊத்தாம மட்டும் இருக்க மாட்டேன்."

காட்டுவேன். அன்று இன்ஜின் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அதற்கு முன்பு இன்னொன்று இருக்கிறது மாப்ள. வரும் திங்கட்கிழமை மலரைத் தஞ்சாவூரில் நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போகிறேன், நானும் காட்டிக்கொள்ளப் போகிறேன். எங்களுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறோம். விளக்கு எரியட்டும் என்று இனி இந்த வீட்டில் யாரும் காத்திருக்க மாட்டோம்.

உன்னோடு சண்டையை இன்னும் முடிக்காத
உன் மச்சான்